அத்தியாயம் 5: காமர்ஸ் குரூப்பா? நான்காவது பாடத்தை முதலில் பாருங்கள்

பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: சயின்ஸா, காமர்ஸா? இந்த அத்தியாயத்தைத் திறந்த நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். காமர்ஸ் என்றோ தொழிற்கல்வி என்றோ ஏறக்குறைய முடிவாகிவிட்டது. உண்மையான தேர்வு இனிமேல்தான் ஆரம்பம். வணிகவியலும் கணக்குப்பதிவியலும் எல்லாக் காமர்ஸ் குரூப்பிலும் இருக்கும். பொருளியலும் பெரும்பாலும் இருக்கும். பிறகு எந்தப் படிப்புக்குப் போகலாம், எதற்குப் போக முடியாது என்பதை அவற்றோடு ஒட்டிவரும் நான்காவது பாடம் தீர்மானிக்கிறது. அதைப் பற்றித்தான் யாரும் உங்களிடம் பேசமாட்டார்கள். "எங்க ஸ்கூல்ல இதுதான் இருக்கு" என்று விண்ணப்பத்தில் டிக் அடித்து அனுப்பிவிடுவார்கள்.

கீழே வருவது தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்துக்கானது. சி.பி.எஸ்.இ. மாணவர்களுக்கு ஒரு குறிப்பு தனியாக இருக்கிறது.

தெரிந்திருக்க வேண்டிய அளவு

பிளஸ் ஒன்னிலும் பிளஸ் டூவிலும் ஆறு பாடம், பாடத்துக்கு 100, மொத்தம் 600. மொழிப்பாடம், ஆங்கிலம் போக மிச்சம் நான்கு. கலை அறிவியல் கல்லூரி சேர்க்கையில் பி.காம். போன்ற படிப்புக்கு எண்ணுவது இந்த நான்கின் 400 மதிப்பெண்ணைத்தான். அரசுக் கல்லூரிகளில் பி.காம். இடத்துக்கு நெரிசல் எப்போதும் அதிகம். அங்கே கால் பங்கு மதிப்பெண் நான்காவது பாடத்தின் கையில் இருக்கிறது.

பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு 2017-18இல் வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அது வேண்டாம் என்றது. அதற்காகப் பிளஸ் ஒன்னை ஓய்வு ஆண்டாக நினைத்துவிடாதீர்கள். பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் கூட்டாண்மைக் கணக்கு மட்டுமே பல அத்தியாயங்களுக்கு ஓடும். பிளஸ் ஒன் குறிப்பேடும் பேரேடும் கையில் படியாதவர்களுக்கு அதில் ஒரு வரிகூட ஓடாது.

படி 1: சேருவதற்கு முன் ஒரு மாலை கணக்கு எழுதிப் பாருங்கள்

பிடிக்குமா பிடிக்காதா என்று யோசித்துக்கொண்டே இருப்பதைவிட ஒருமுறை எழுதிப் பார்ப்பது மேல். பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் பாடநூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. குறிப்பேடு வரும் அத்தியாயத்தை மட்டும் ஒரு தடவை படித்துவிட்டு, கீழே உள்ள ஐந்து நடவடிக்கைகளையும் எழுதுங்கள். ஒரு சின்ன ஸ்டேஷனரி கடை என்று வைத்துக்கொள்வோம்.

1. ஜூன் 1: உரிமையாளர் ரூ.50,000 ரொக்கத்துடன் கடை தொடங்கினார்.
2. ஜூன் 2: மொத்த வியாபாரியிடம் ரூ.12,000க்குச் சரக்குக் கடனாக வாங்கினார்.
3. ஜூன் 3: ரூ.4,500க்கு ரொக்க விற்பனை.
4. ஜூன் 4: கடை வாடகை ரூ.6,000 கொடுத்தார்.
5. ஜூன் 5: வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து ரூ.1,000 எடுத்தார்.

முதல் பதிவு இப்படி வரும் (க/கு என்றால் கணக்கு): ரொக்கக் க/கு பற்று 50,000, முதல் க/கு வரவு 50,000. வீட்டு வரவு செலவு நோட்டு எழுதிப் பழகியவர்கள் இங்கேயே தடுக்கி விழுவார்கள். கைக்குப் பணம் வந்திருக்கிறது, எழுதுவதோ பற்றுப் பக்கம். காரணத்தை இப்போதைக்கு விடுங்கள். சொத்து கூடினால் பற்று, குறைந்தால் வரவு என்ற ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு மேலே போங்கள். கொள்முதலும் வாடகையும் எடுப்புகளும் பற்று. விற்பனையும் கடன் கொடுத்த வியாபாரியும் வரவு.

ஐந்தையும் பேரேட்டுக்கு (கணக்குக்கு ஒரு பக்கம்) எடுத்து எழுதி, இருப்பாய்வு (எல்லாக் கணக்கின் இருப்பையும் பற்று, வரவு என்று பிரித்த பட்டியல்) போடுங்கள். பற்றுப் பக்கம் ரொக்கம் 47,500, கொள்முதல் 12,000, வாடகை 6,000, எடுப்புகள் 1,000. வரவுப் பக்கம் முதல் 50,000, மொத்த வியாபாரி 12,000, விற்பனை 4,500. இரு பக்கமும் 66,500 வந்தால் கணக்கு சரி.

*வழக்கமான தவறு:* ஜூன் 2ஆம் தேதிக்குச் 'சரக்குக் க/கு' என்று எழுதுவது. பாடநூல் முறையில் அது கொள்முதல் க/கு. இன்னொன்று, ஜூன் 5ஐ வீட்டுச் செலவு என்று கடைச் செலவில் சேர்ப்பது. கடை வேறு, கடைக்காரர் வேறு, அது எடுப்புகள்.

*குறிப்பு:* இரு பக்கமும் ஒத்துவரவில்லையா? வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால் எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 4,500ஐ 5,400 என்று எழுதினால் வித்தியாசம் 900. வித்தியாசத்தின் பாதித் தொகை கணக்கில் எங்காவது தென்பட்டால், அந்தத் தொகை பக்கம் மாறி ஏறியிருக்கலாம். பழைய கணக்குப்பிள்ளைகள் கைவசம் வைத்திருந்த சோதனைகள் இவை. தேர்வு அறையிலும் உதவும்.

முதல் தடவையே 66,500 வர வேண்டும் என்பதில்லை. எங்கே தப்பு என்று தேடும்போது உங்களுக்கு எரிச்சல் வந்ததா, விடாமல் துருவத் தோன்றியதா? அதுதான் பார்க்க வேண்டியது. எரிச்சல் மட்டுமே மிஞ்சியிருந்தால் 'கணக்குத் தணிக்கையாளர் (சி.ஏ.) ஆவேன்' என்ற கனவை இன்னொரு தடவை யோசியுங்கள். காமர்ஸையே விட வேண்டும் என்பதில்லை. வணிகவியலும் பொருளியலும் படித்து எழுதும் பாடங்கள். சட்டம், விற்பனை, மனிதவளம் என்று வேறு பாதைகள் அவற்றிலிருந்தும் போகின்றன.

படி 2: நான்காவது பாடத்தைத் தேர்ந்தெடுங்கள்

*வணிகக் கணிதமும் புள்ளியியலும்.* பேரைக் கேட்டதும் வட்டிக் கணக்கு, லாப நட்டம் என்று நினைத்துச் சேருகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு. ஜூலை மாதம் அணிகளும் அணிக்கோவைகளும் வந்து நிற்கும்போது முகம் மாறும். பிளஸ் ஒன்னில் முக்கோணவியல், வகைநுண்கணிதம், ஒட்டுறவு, செயல்முறை ஆராய்ச்சி. பிளஸ் டூவில் தொகைநுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடு, நிகழ்தகவுப் பரவல். சயின்ஸ் குரூப் கணிதத்தைவிடக் கொஞ்சம் இலகு, அவ்வளவுதான். ஆனாலும் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் தடுமாறாதவர் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். சி.ஏ. பவுண்டேஷன் தேர்வின் நான்கு தாள்களில் ஒன்று முழுக்கக் கணிதம், தர்க்கம், புள்ளியியல். பொருளாதாரம், தரவு, காப்பீட்டுக் கணக்கியல் பக்கம் போக நினைத்தாலும் இந்த அடித்தளம் வேண்டும்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பி.எஸ்சி. புள்ளியியல், பி.சி.ஏ. போன்றவற்றுக்கு வணிகக் கணிதத்தை ஏற்கும் கல்லூரியும் உண்டு, கணிதம்தான் வேண்டும் என்னும் கல்லூரியும் உண்டு. மனதில் இருக்கும் இரண்டு மூன்று கல்லூரிகளின் இந்த ஆண்டு விளக்கக் கையேட்டைப் பார்த்துவிடுங்கள். பொறியியல் கலந்தாய்வுக்கு இந்தப் பாடம் உதவாது. அதற்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும்.

*கணினிப் பயன்பாடுகள்.* செய்முறை உள்ள பாடம் என்பதால் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறை இல்லாத பாடங்களில் 90ம் 10ம். மதிப்பெண் எடுப்பது ஒப்பீட்டளவில் எளிது. பலர் இதை எடுப்பதற்குக் காரணமே அதுதான். தப்பில்லை. எச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட், பி.எச்.பி., தரவுத்தளம், மின்வணிகம் என்று பாடத்திலும் பொருள் இருக்கிறது. பள்ளி ஆய்வகத்தில் கணினி ஓடுகிறதா, ஆளுக்கு ஒன்று கிடைக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் மிச்சமெல்லாம். போர்டில் எழுதிப்போட்ட நிரலை நோட்டில் காப்பி எடுத்தே இரண்டு வருடம் ஓட்டினால், 20க்கு 20 வாங்கினாலும் கையில் ஒன்றும் தங்காது.

*வரலாறு.* இந்தக் குரூப்பை மட்டமாகப் பேசுகிறவர்கள் டி.என்.பி.எஸ்.சி. பாடத்திட்டத்தைத் திறந்து பார்த்திருக்கமாட்டார்கள். அரசுப் பணித் தேர்வோ சட்டப் படிப்போ குறி என்றால் வரலாறும் பொருளியலும் சேர்ந்த குரூப் நல்ல முதலீடு. படிக்க வேண்டிய பக்கம் அதிகம். நீளமாக எழுதவும் கை வேண்டும். சில பள்ளிகளில் இந்த இடத்தில் அரசியல் அறிவியல் இருக்கும். சட்டம் படிக்க நினைப்பவர்களுக்கு அதுவும் பொருத்தம்.

படி 3: தொழிற்கல்விக் குரூப்பைத் தள்ளிவிடுவதற்கு முன்

மார்க் குறைந்தவர்களை அனுப்பும் இடம் என்ற பெயர் இதற்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. பெயர் அநியாயம், ஆனால் பள்ளிக்குப் பள்ளி தரம் வேறுபடுவது உண்மை. வணிகம் சார்ந்து பார்த்தால் 'அலுவலக மேலாண்மையும் செயலியலும்' பிரிவுதான் நமக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. தட்டச்சும் கணினிப் பயன்பாடும் பாடமாகவே வரும். வேளாண் அறிவியல், செவிலியம், நெசவியலும் ஆடை வடிவமைப்பும், அடிப்படை இயந்திரவியல், அடிப்படை மின் பொறியியல் ஆகியவையும் இருக்கின்றன.

பொறியியல் கலந்தாய்வில் தொழிற்கல்வி மாணவர்களுக்கு 2 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதற்குச் சம்பந்தப்பட்ட பொறியியல் பிரிவோடு கணிதம், இயற்பியல், வேதியியலில் ஒன்றாவது படித்திருக்க வேண்டும். அலுவலக மேலாண்மை எடுத்தவர் அந்தப் பக்கம் போக முடியாது, பி.காம்., கூட்டுறவு, அரசுத் தட்டச்சர் பணி என்று அவருடைய பாதை வேறு.

சேருவதற்கு முன் பள்ளியில் நேரில் கேட்க வேண்டியவை:

1. இந்தப் பிரிவுக்கு நிரந்தரத் தொழிற்கல்வி ஆசிரியர் இருக்கிறாரா? ஓய்வு பெற்றவரின் இடம் நிரப்பப்படாமல் வேறு பாட ஆசிரியர் பார்த்துக்கொள்ளும் பள்ளிகள் உண்டு. அங்கே சேராதீர்கள்.
2. செய்முறை அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தூசி படிந்த மோட்டார், உறை போட்டபடியே இருக்கும் தட்டச்சு எந்திரம் என்றால் பதில் கிடைத்துவிட்டது.
3. போன வருடம் முடித்தவர்கள் எங்கே சேர்ந்தார்கள்? இரண்டு பேரின் பெயரைக் கேட்டு, முடிந்தால் அவர்களிடம் பேசுங்கள்.

*பாதுகாப்பு:* மின், இயந்திரப் பிரிவுகளில் சேர்ந்தால் ரப்பர் அடி உள்ள மூடிய ஷூ போட்டுக்கொண்டுதான் பணிமனைக்குள் போக வேண்டும். இணைப்பில் கை வைக்குமுன் மெயின் ஸ்விட்சை நீங்களே அணைத்து, டெஸ்டர் வைத்துப் பாருங்கள். "அணைச்சாச்சு" என்று இன்னொருவர் சொன்ன சொல்லை நம்பிக் கை வைக்க வேண்டாம். ஓடும் எந்திரத்தின் பக்கத்தில் துப்பட்டா, தொங்கும் ஐடி கயிறு, கையில் கட்டிய கயிறு எதுவும் ஆகாது.

படி 4: தமிழ் வழியா, ஆங்கில வழியா

பிளஸ் ஒன்னில் வழி மாறுகிறவர்கள் ஒரு கணக்கைப் போட மறந்துவிடுகிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இடம் இருக்கிறது. அந்தப் பதவிக்கான கல்வித் தகுதி வரை தொடர்ச்சியாகத் தமிழ் வழியில் படித்திருந்தால்தான் அது கிடைக்கும். நடுவில் இரண்டு வருடம் ஆங்கில வழிக்குப் போய் வந்தால், பட்டப் படிப்புத் தகுதியுள்ள பதவிகளுக்கு அந்தச் சலுகை போய்விடும்.

மறுபக்கம், சி.ஏ. தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். தமிழ் வழியிலேயே தொடர்ந்து சி.ஏ.வும் எழுத நினைப்பவர்கள், பாடநூலின் ஆங்கிலப் பதிப்பை முதல் நாளிலிருந்தே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் இரண்டு பக்கம் போதும்.

சி.பி.எஸ்.இ. மாணவர்களுக்கு

உங்களுக்குக் கணக்குப்பதிவியல், வணிகப் படிப்பு, பொருளியல் ஆகியவற்றோடு கணிதமா, 2020-21இல் வந்த பயன்பாட்டுக் கணிதமா என்பதுதான் கேள்வி. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளாதார ஹானர்ஸ் இரண்டில் எதையும் ஏற்கிறது. பொறியியல் பக்கம் திரும்பும் வாய்ப்பு கொஞ்சமாவது இருந்தால் பயன்பாட்டுக் கணிதம் வேண்டாம்.

படி 5: பள்ளியோடு சேர்த்துப் பிடிக்க வேண்டிய சான்றிதழ்

ஒன்றே ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால் டைப்ரைட்டிங். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசுத் தேர்வு பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கும். லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. வரிசை இப்படி இருந்தால் பொதுத்தேர்வோடு மோதாது:

1. பத்தாம் வகுப்பு விடுமுறையிலேயே இன்ஸ்டிட்யூட்டில் சேருங்கள். ஆங்கிலம் முதலில், தமிழ் பிறகு.
2. பிளஸ் ஒன் பிப்ரவரியில் ஆங்கிலம் லோயர்.
3. பிளஸ் டூ ஆகஸ்டில் தமிழ் லோயர்.
4. பிளஸ் டூ பிப்ரவரியில் எந்தத் தேர்வும் வேண்டாம். ஹையர் எல்லாம் கல்லூரியில் பார்த்துக்கொள்ளலாம்.

குரூப் 4 தேர்வில் தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பதவிகளுக்கு இந்தச் சான்றிதழ் தேவை. விரலைப் பார்க்காமல் அடிக்கக் கற்பதுதான் முதல் மாத வேலை. வேகம் வேகம் என்று அலைந்து, விரலைப் பார்த்தே அடிக்கப் பழகியவர்கள் 20 சொல்லிலேயே நின்றுபோவார்கள்.

கணக்கு எழுதும் மென்பொருளான டேலிக்கு அவசரம் இல்லை. பிளஸ் டூ கணக்குப்பதிவியலிலேயே அதன் அறிமுகம் வருகிறது. பேரேடு புரியாமல் டேலி கற்பது பொத்தான் அழுத்தப் பழகுவதோடு முடிந்துவிடும்.

சி.ஏ. ஆசை உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பத்தாம் வகுப்பு முடித்ததுமே பவுண்டேஷனுக்குப் பதிவு செய்துகொள்ளலாம். தேர்வு எழுதுவது பிளஸ் டூவுக்குப் பிறகு. நான்கு தாள், தாளுக்கு 100. ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் எடுக்க வேண்டும். கணிதத் தாளும் பொருளியல் தாளும் கொள்குறி வகை. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். எந்தக் குரூப் படித்தவரும் எழுதலாம் என்பதால், 'எங்க பள்ளியில் சேர்ந்தால்தான் சி.ஏ.' என்று எவரேனும் சொன்னால் அது விளம்பரம்.

பள்ளியோடு சி.ஏ. பயிற்சியும் சேர்த்துத் தருகிறோம் என்று இரண்டு ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கேட்கும் இடங்களில் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: பயிற்சிக் கட்டணம் தனியாக எவ்வளவு, பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பும், யார் வகுப்பெடுப்பார். எழுதித் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு குழு இருக்கிறது. உங்கள் பள்ளிக்கு அது எவ்வளவு விதித்திருக்கிறது என்று கேட்பது உங்கள் உரிமை.

சான்றிதழும் போனும்

- மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூன்றுக்கும் பத்துப் பிரதி எடுத்து, ஸ்கேன் செய்து வீட்டில் இருவரின் மின்னஞ்சலில் வையுங்கள்.
- டியூஷன் சென்டர், கணினி மையம் எதற்கும் அசலைக் கொடுக்காதீர்கள். காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். 'ஃபைலில் இருக்கட்டும்' என்பது பிறகு நீங்கள் விலகவிடாமல் பிடித்து வைக்கும் வழி.
- உதவித்தொகை வந்திருக்கிறது, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள், ஓ.டி.பி. சொல்லுங்கள் என்று யார் அழைத்தாலும் துண்டித்துவிடுங்கள். பணம் உங்கள் கணக்குக்கு வர நீங்கள் எதையும் ஸ்கேன் செய்யத் தேவையில்லை.
- அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர்கள் அதற்கான சான்றை இப்போதே பத்திரப்படுத்துங்கள். சட்டம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும், கல்லூரியில் மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் அது வேண்டும். பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளிக்கு மாறினால் 7.5 கையைவிட்டுப் போய்விடும். குரூப் கிடைக்கவில்லை என்று பள்ளி மாறுவதற்கு முன் பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் அந்தக் குரூப் இருக்கிறதா என்று பாருங்கள்.

குரூப் தப்பாகிவிட்டால்

வகுப்பு தொடங்கிய முதல் சில வாரங்களுக்குள் மாற்றிக்கொள்ளப் பெரும்பாலான பள்ளிகள் இடம் கொடுக்கும். தள்ளிப்போட்டால் எமிஸ் என்னும் கல்வித் துறையின் இணையப் பதிவும் தேர்வுப் பெயர்ப்பட்டியலும் ஏறிவிடும், பிறகு கஷ்டம்.

1. புதுப் பாடத்தின் வகுப்பில் ஒன்றிரண்டு நாள் உட்கார அனுமதி கேளுங்கள். வகுப்பாசிரியர் மறுக்கமாட்டார்.
2. தவறவிட்ட பாடங்களின் நோட்டை வாங்கி எழுதி முடியுங்கள். கணக்குப்பதிவியலிலிருந்து விலகுவது எளிது. நடுவில் நுழைவதுதான் சிரமம்.
3. பெற்றோர் கையெழுத்துடன் தலைமையாசிரியருக்குக் கடிதம் கொடுங்கள். தேதி போட்ட ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள்.
4. ஒரு வாரம் கழித்து, எமிஸில் உங்கள் பெயருக்கு நேரே பாடத் தொகுதி மாறியிருக்கிறதா என்று அலுவலகத்தில் திரையைக் காட்டச் சொல்லி நீங்களே பாருங்கள். வகுப்பு மாறி உட்கார்ந்துவிட்டு, பதிவில் பழைய பாடத்தோடே இருந்து, தேர்வு நெருங்கும்போது ஓடித் திரிந்தவர்கள் இருக்கிறார்கள்.